'அதே மருந்துதான்க்கா... கம்பெனிதான் வேற!' - தைராய்டு மாத்திரையின் பிராண்டு மாறினால் உடலும் மாறுமா?

"என்னமோ தெரியலடி... காலையில எந்திரிக்கவே முடியல. அந்தப் புது மாத்திரை எனக்கு ஒத்துக்கலைன்னு நினைக்கிறேன்."

தஞ்சாவூரிலிருந்து அம்மா போனில் இப்படிச் சொன்னபோது, நான் ஆபீஸில் ஒரு செய்தியை அவசரமாக டைப் செய்துகொண்டிருந்தேன். "வயசாகுதுல்லம்மா... எல்லாத்துக்கும் மாத்திரையைக் குறை சொல்லாத" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

அம்மா 11 வருடங்களாக தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் காலையில் 75 மைக்ரோகிராம். எப்போதும் ஒரே கம்பெனி, ஒரே டப்பா. அந்த மாதம் கடையில் அது ஸ்டாக் இல்லை. "அதே மருந்துதான்க்கா, கம்பெனிதான் வேற. பயப்படாம சாப்பிடுங்க" என்று மெடிக்கல் ஷாப் தம்பி வேறு ஒரு டப்பாவைக் கொடுத்திருக்கிறார். அவர் சொன்னதில் தவறில்லை. டப்பாவில் எழுதியிருந்ததும் அதே லீவோதைராக்சின், அதே 75.

ஆனால், இரண்டு மாதங்கள் கழித்து பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அம்மா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகம் லேசாக வீங்கியிருந்தது. சீப்பு நிறைய முடி. மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். எட்டு மாதங்களுக்கு முன்பு 2.8 ஆக இருந்த டி.எஸ்.ஹெச், இப்போது 7.9.

"நான்தான் சொன்னேன்ல..." என்றார் அம்மா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பிராண்டு மாறினால் உண்மையிலேயே உடல் மாறுமா, இல்லை மனம்தான் அப்படி நினைக்கிறதா? அம்மாவுக்காகத் தேட ஆரம்பித்த கேள்வி இது. நம்மில் பலருக்கும் பயன்படும் என்பதால் இந்தக் கட்டுரை. சென்னை உட்பட 8 நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்டு, 2013-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு தைராய்டு சுரப்புக் குறைபாடு இருப்பது தெரியவந்தது. உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ ஃப்ரிட்ஜ் மேல் அந்த டப்பா இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு மாத்திரையில் மருந்து எவ்வளவு?

காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அம்மாவின் தைராய்டு மாத்திரையில் இருப்பது 75 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், ஒரு பாராசிட்டமாலில் இருக்கும் மருந்தின் எடையில் ஆறாயிரத்து அறுநூறில் ஒரு பங்கு!

அவ்வளவு சிறிய அளவைக் கையில் எடுத்துச் சாப்பிட முடியாது. அதனால் லாக்டோஸ், மேனிட்டால், ஸ்டார்ச், செல்லுலோஸ் போன்ற பொருள்களோடு கலந்து மாத்திரையாக அழுத்துகிறார்கள். நாம் விழுங்கும் மாத்திரையில் மிகப் பெரும்பகுதி இந்தத் துணைப்பொருள்கள்தான். மருந்து எல்லா கம்பெனியிலும் ஒன்று. துணைப்பொருள்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மாத்திரை வயிற்றில் எவ்வளவு வேகமாகக் கரைகிறது, டப்பாவில் இருக்கும்போது மருந்து எவ்வளவு நாள் வீரியம் குறையாமல் இருக்கிறது என்பதெல்லாம் இவற்றைப் பொறுத்தும் மாறலாம்.

வேறு பல மருந்துகளில் இந்தச் சின்ன வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால், லீவோதைராக்சின் 'குறுகிய எல்லை' கொண்ட மருந்து. கொஞ்சம் குறைந்தால் சோர்வு, எடை ஏற்றம், மலச்சிக்கல், முடி உதிர்வு. கொஞ்சம் கூடினால் படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம். அதனால்தான் 50-க்கும் 75-க்கும் நடுவில் 62.5, 75-க்கும் 100-க்கும் நடுவில் 88 என்று நுணுக்கி நுணுக்கி மாத்திரைகள் வருகின்றன. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ-வும் 2007-ல் இந்த மாத்திரைக்கான விதியை இறுக்கியது. காலாவதி தேதி வரை, லேபிளில் உள்ள அளவில் 95 முதல் 105 சதவிகிதத்துக்குள் மருந்து இருக்க வேண்டும் என்றது.

நியூசிலாந்தில் நடந்தது என்ன?

2007-ல் நியூசிலாந்தில் கிடைத்துக்கொண்டிருந்த எல்ட்ராக்சின் மாத்திரையின் தயாரிப்பு, கனடாவிலிருந்து ஜெர்மனிக்கு மாற்றப்பட்டது. மருந்து அதேதான். துணைப்பொருள்களும் மாத்திரையின் தோற்றமும் மாறின.

அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் அந்த மாத்திரையைப் பற்றி அங்கே பதிவான பக்கவிளைவுப் புகார்கள் 14. மாற்றத்துக்குப் பிறகு, 18 மாதங்களில் 1,400-க்கும் மேல்! எடை கூடுகிறது, கண் அரிக்கிறது, தலை வலிக்கிறது, எதையும் யோசிக்க முடியவில்லை என்று மக்கள் சொன்னார்கள். மாத்திரைகளைப் பரிசோதித்தார்கள். மருந்தின் அளவில் குறையில்லை.

பிறகு இதை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். டி.வி-யிலும் செய்தித்தாள்களிலும் இந்த விஷயம் பேசப்பட்டபோது புகார்களும் கூடின. செய்தியில் குறிப்பிடப்பட்ட அறிகுறிகள் அடுத்து வந்த புகார்களில் அதிகம் இடம்பிடித்தன. 'இது நமக்குக் கெடுதல் செய்யும்' என்ற எதிர்பார்ப்பே உடலில் அறிகுறிகளை உண்டாக்குவதை 'நோசீபோ விளைவு' என்கிறது மருத்துவம். இது நடிப்பு அல்ல. தலைவலி உண்மையான தலைவலிதான். காரணம் மட்டும் மாத்திரையின் உள்ளே இல்லை.

'அப்படியானால் எல்லாம் மனப்பிரமைதானா?' என்று இங்கேயே முடிவுக்கு வந்துவிட வேண்டாம். பத்து வருடங்கள் கழித்து பிரான்ஸில் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

30 லட்சம் பேருக்கு மாறிய மாத்திரை

பிரான்ஸில் தைராய்டு மாத்திரை என்றாலே அநேகமாக மெர்க் நிறுவனத்தின் லீவோதைராக்ஸ்தான். சுமார் 30 லட்சம் பேர் சாப்பிட்டார்கள். மருந்தின் அளவு காலாவதி தேதி வரை மாறாமல் இருக்க வேண்டும் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டுக்கொண்டதால், 2017 மார்ச்சில் அதன் தயாரிப்பு மாற்றப்பட்டது. லாக்டோஸை எடுத்துவிட்டு மேனிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தார்கள். மாத்திரையை இன்னும் நன்றாக்குவதுதான் நோக்கம்.

ஆனால் பெயர் மாறவில்லை. பலருக்கு இப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது. சோர்வு, தசைவலி, தலைசுற்றல், முடி உதிர்வு என்று வந்த பிறகுதான் காரணத்தைத் தேடினார்கள். பழைய மாத்திரையைத் திரும்பக் கொடுங்கள் என்ற மனுவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் பழைய வகை மாத்திரையை வேறு பெயரில் தற்காலிகமாக இறக்குமதி செய்ய வேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது.

வழக்கும் நடந்தது. மாற்றத்தைப் பற்றிப் போதுமான தகவலை நோயாளிகளுக்குத் தரவில்லை என்று சொல்லி, 3,300-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தலா 1,000 யூரோ இழப்பீடு தரும்படி லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஜூனில் உத்தரவிட்டது. இங்கே நீதிமன்றம் தவறு என்று சொன்னது மாத்திரையை அல்ல, சொல்லாமல் மாற்றியதை!

சராசரிக்குள் ஒளிந்திருக்கும் 'நான்'

இரண்டு கம்பெனி மாத்திரைகள் சமம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ஆரோக்கியமான சிலருக்கு இரண்டையும் வெவ்வேறு சமயத்தில் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு மருந்து சேர்கிறது என்று அளக்கிறார்கள். மொத்தக் குழுவின் சராசரி ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால், இரண்டும் சமம்.

ஒரு வகுப்பில் காலாண்டிலும் அரையாண்டிலும் சராசரி மதிப்பெண் 70 என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு மாறவில்லை. ஆனால், 90 வாங்கிய மாணவி 60-க்கு இறங்கியிருக்கலாம், 50 வாங்கியவன் 80-க்கு ஏறியிருக்கலாம். சராசரி அதைச் சொல்லாது.

பிரான்ஸின் புது மாத்திரைக்காக 204 பேரிடம் நடத்திய ஆய்வின் விவரங்களை, துலூஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் மறுபடி எடுத்து அலசினார்கள். 2019-ல் வெளியான அவர்களது கட்டுரையின்படி, குழுவின் சராசரி சரியாக இருந்தாலும், தனித்தனி ஆளாகப் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த 'சமம்' என்ற எல்லைக்கு வெளியே இருந்தார்கள். 'ஒரே மாத்திரையை இரண்டு முறை கொடுத்தால்கூட ஒருவரின் உடல் இரண்டு முறையும் ஒரே அளவு உறிஞ்சாதே' என்பது இதற்கு மறுதரப்பு தந்த பதில். அந்தப் பதிலிலும் நியாயம் இருக்கிறது.

நிஜ வாழ்க்கையில் பிராண்டு மாற்றியவர்களின் நிலை என்ன? அமெரிக்காவில் 15,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. ஒரே கம்பெனியின் ஜெனரிக் மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 82.7 சதவிகிதம் பேருக்கு டி.எஸ்.ஹெச் சரியாக இருந்தது. வேறு கம்பெனி ஜெனரிக்குக்கு மாறியவர்களில் 84.5 சதவிகிதம் பேருக்கு. ஏறக்குறைய சமம்.

ஆக, கம்பெனி மாறினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு ஆகலாம். 'நான் அந்தச் சிலரில் ஒருவரா?' என்பதை ஆய்வுக் கட்டுரை சொல்லாது. உங்கள் ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் மருத்துவர்களுக்குக் கொடுத்த அறிவுரையும் இதுதான். மாத்திரை மாறிய பிறகு ஒருவர் தொந்தரவு என்று சொன்னால், தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். மாறும்போதெல்லாம் தொந்தரவு தொடர்ந்தால், அவருக்கு ஒத்துக்கொள்ளும் ஒரே தயாரிப்பை எப்போதும் எழுதிக்கொடுப்பதைப் பரிசீலியுங்கள்.

எப்போது ஆரம்பித்தது? காலண்டரைப் பாருங்கள்

லீவோதைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் மெதுவாக இறங்குவது போலத்தான். புது மாத்திரை கொஞ்சம் குறைவாக உறிஞ்சப்பட்டாலும், அதன் விளைவு சில வாரங்கள் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். அதனால்தான் அளவையோ பிராண்டையோ மாற்றினால் 6 முதல் 8 வாரங்கள் கழித்து டி.எஸ்.ஹெச் பார்க்கச் சொல்கிறார்கள்.

புது டப்பாவைத் திறந்த மறுநாளே அசதி என்றால், மருந்தின் அளவு மாறியது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்புசம், அரிப்பு, தடிப்பு என்றால், துணைப்பொருள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள். முகம், உதடு வீங்கினாலோ, மூச்சுத்திணறல் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாலைந்து வாரங்களில் மெள்ள மெள்ள வந்த சோர்வு என்றால், பரிசோதனை அவசியம்.

அம்மாவின் டப்பாவுக்கு வருவோம்

அம்மாவை எங்கள் ஊர் டாக்டரிடம் அழைத்துப்போனேன். "பழைய கம்பெனி மாத்திரையே எழுதிக்கொடுங்க டாக்டர்" என்றேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்த மூணு மாசத்துல வேற என்ன மாத்திரை புதுசா ஆரம்பிச்சீங்க?"

மூட்டுவலிக்காக எலும்பு டாக்டர் ஒரு கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தார். பிராண்டு மாறிய அதே மாதத்தில். அதை எப்போது சாப்பிடுகிறார்? "காலையில தைராய்டு மாத்திரையோடயே சேர்த்துப் போட்டுடுவேன் சார். இல்லைன்னா மறந்துடும்."

கால்சியமும் இரும்புச்சத்தும் லீவோதைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். இதை 11 வருடங்களில் யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் டப்பாவுக்குள் இருந்த தாளைப் படித்ததில்லை.

பிராண்டை இப்போது மாற்ற வேண்டாம் என்றார் டாக்டர். "ரெண்டையும் ஒண்ணா மாத்தினா, எதனால சரியாச்சுன்னு நமக்குத் தெரியாமலே போயிடும்மா. முதல்ல கால்சியத்தை ராத்திரிக்கு மாத்துங்க." புது கம்பெனி மாத்திரையே தொடர்ந்தது. எட்டு வாரங்கள் கழித்து டி.எஸ்.ஹெச் 3.1. படியில் உட்காரும் பழக்கம் நின்றது.

அம்மா சொன்ன காரணம் தவறாக இருந்தது. ஆனால், உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது என்று அவர் சொன்னது சரி. நான் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். டெஸ்ட் எடுக்க இரண்டு மாதங்கள் ஆனதற்கு அதுதான் காரணம்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க...

* முடிந்தவரை ஒரே கம்பெனி மாத்திரையைத் தொடருங்கள். மக்கள் மருந்தகத்தில் வாங்கும் ஜெனரிக் என்றாலும் சரி, விலை உயர்ந்த பிராண்டு என்றாலும் சரி, அடிக்கடி மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம். டப்பா தீர 10 நாள்களுக்கு முன்பே கடையில் சொல்லிவையுங்கள்.

* மாற்ற வேண்டிய நிலை வந்தால், மருந்தை நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அதே அளவு புது கம்பெனி மாத்திரையைச் சாப்பிடுங்கள். மாற்றிய தேதியை காலண்டரில் குறித்துவைத்து, 6 முதல் 8 வாரங்களில் டி.எஸ்.ஹெச் பாருங்கள்.

* டப்பாவில் எண்ணைப் படியுங்கள். 88 கேட்ட இடத்தில் 100 வந்துவிட்டால் அது பிராண்டு மாற்றம் அல்ல, அளவு மாற்றம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் மாத்திரையில் மில்லிகிராம் என்று போட்டிருந்தால் கவனம். 0.1 மில்லிகிராம் என்பது 100 மைக்ரோகிராம்.

* காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் சாப்பிடுங்கள். காபி, டீ, டிபன் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. எழுந்ததும் ஃபில்டர் காபி பழக்கம் உள்ளவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால், காபி மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

* கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை என்றால் 4 மணி நேர இடைவெளி. பான்டபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வயிற்றில் அமிலம் குறைந்தால் தைராய்டு மாத்திரை உறிஞ்சப்படுவதும் குறையலாம்.

* வெப்பம், வெளிச்சம், ஈரம் மூன்றும் இந்த மருந்துக்கு ஆகாது. அடுப்பங்கரை அலமாரி வேண்டாம். வேறு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவைக்க வேண்டாம். மூடியை இறுக்கமாக மூடுங்கள். ஃப்ரிட்ஜ் மேலேயும் சூடு இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

* கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், இதய நோயாளிகள், தைராய்டு புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை செய்தவர்கள், மாத்திரை சாப்பிடும் குழந்தைகள்... இவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் பிராண்டை மாற்றவே வேண்டாம்.

* டி.எஸ்.ஹெச் சரியாக இருந்தும் சோர்வு போகவில்லையா? ரத்தசோகை, வைட்டமின் பி12, வைட்டமின் டி, சர்க்கரை, தூக்கம், மனச்சோர்வு, மெனோபாஸ் என்று பார்க்க நிறைய இருக்கிறது. நீங்களாகவே தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டாதீர்கள். அளவு கூடினால் இதயத் துடிப்பும் எலும்பும் பாதிக்கப்படும்.

இப்போது எங்கள் வீட்டில் மாத்திரை டப்பா ஃப்ரிட்ஜ் மேலிருந்து படுக்கையறை அலமாரிக்கு மாறியிருக்கிறது. அதன் மூடியில் வாங்கிய தேதியையும் கம்பெனி பெயரையும் ஸ்கெட்ச் பேனாவில் அம்மா எழுதிவைக்கிறார். போன வாரம் போனில், "இந்தத் தடவை பழைய கம்பெனியே வந்துடுச்சுடி, மாத்திட்டேன்" என்றார். வேலையை நிறுத்திவிட்டு என் போன் காலண்டரைத் திறந்து, எட்டு வாரங்கள் தள்ளி ஒரு தேதியில் 'அம்மா - டெஸ்ட்' என்று குறித்துக்கொண்டேன்.